டி-ஷர்ட்டைக் கண்டுபிடித்தது யார்? பனியன் ஊரிலிருந்து ஒரு பதில்

கேள்வி இது: டி-ஷர்ட்டைக் கண்டுபிடித்தது யார்? உள்ளே போட்டுக்கொள்ளும் துணியை ஆண்கள் எப்போதிலிருந்து வெளியே போட்டுக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் போக ஆரம்பித்தார்கள்? அப்படியென்றால் பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

கடைசிக் கேள்வியைத் திருப்பூரில் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே கைலியோடு போடும் உள்பனியனும் பனியன்தான், கன்டெய்னரில் ஏறி ஐரோப்பா போகும் டி-ஷர்ட்டும் பனியன்தான். இரண்டையும் தைக்கிற இடத்துக்குப் பெயர் பனியன் கம்பெனி. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், தனியாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பொத்தான் இல்லாமல், தலைவழியாக மாட்டிக்கொள்ளும் அரைக்கை பின்னலாடை அமெரிக்காவில் 1898க்கும் 1913க்கும் இடையில் உருவாகிவிட்டது. அதை அமெரிக்கக் கடற்படை தன் மாலுமிகளுக்கு உள்ளாடையாகக் கொடுத்தது. வெளியே வருவதற்கு இன்னும் ஒரு முப்பது, நாற்பது வருஷமும் ஓர் உலகப்போரும் தேவைப்பட்டன.

ஆனால் இதைப் புரிந்துகொள்ள ஒரு படி பின்னால் போக வேண்டும். நாம் இன்று மரியாதையான உடை என்று நினைக்கிற முழுக்கைச் சட்டையே ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் உள்ளாடையாகத்தான் இருந்தது. உடம்பை ஒட்டியிருப்பது சட்டை, அதற்கு மேல் வெயிஸ்ட்கோட், அதற்கு மேல் கோட். வெளியே தெரிவது காலரும் கை நுனியும் மட்டும். அந்தக் காலரைக்கூடத் தனியாகக் கழற்றித் துவைத்தார்கள். 1827இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் என்ற ஊரில் ஹன்னா மான்டேகு என்ற பெண்மணி, கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காகிறதே, முழுச் சட்டையையும் எதற்குத் துவைப்பது என்று காலரை வெட்டித் தனியாக்கினார் என்பார்கள். அந்த ஊரே பின்னால் காலர் நகரம் என்று பெயர் வாங்கியது. கோட்டைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு பெண்கள் முன்னால் வருவது அநாகரிகம் என்று கருதிய காலம் அது. அந்தச் சட்டை மெல்ல மேலாடையாகப் பதவி உயர்வு பெற்றதும், வியர்வை வாங்கும் வேலைக்கு அதற்கு உள்ளே இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் நம் கதாநாயகன். அப்புறம் அவனும் அதே வழியில் வெளியே வந்துவிட்டான்.

இங்கே ‘பனியன்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. குஜராத்தி வணிகர்களை ‘வாணியா’ என்பார்கள். நம் ‘வணிகன்’ எந்தக் குடும்பமோ அதே குடும்பத்துச் சொல். அது போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பனியன்’ ஆனது. முதலில் அந்த வணிகர்களைக் குறித்தது. அப்புறம், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பணக்காரர்கள் வீட்டில் போட்டுக்கொண்ட கீழைநாட்டுப் பாணித் தொளதொள அங்கிக்கும் அதே பெயர் வந்தது. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் இருவரின் ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பார்த்தால், பனியன் என்பதற்கு உள்ளே போடும் சட்டை என்றும், முதலில் மஸ்லினில் இருந்தது, இப்போது நெகிழும் பின்னல் துணியில் வரும் உள்ளாடையையும் அப்படிச் சொல்கிறார்கள் என்றும் பொருள் கொடுத்திருக்கிறது. ஆக, வணிகன், வணிகனின் அங்கி, வெள்ளைக்காரன் வீட்டு அங்கி, உள்சட்டை என்று சுற்றி, கடைசியில் திருப்பூருக்கு வந்து டி-ஷர்ட்டாகி மறுபடி கப்பல் ஏறியிருக்கிறது ஒரு சொல். எனக்கு இந்தத் தொழிலிலேயே ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, துணிக்கு வருவோம். டி-ஷர்ட்டின் உண்மையான தகப்பன் யார் என்று என்னைக் கேட்டால் பின்னல் எந்திரத்தைத்தான் கை காட்டுவேன். தறியில் நெய்த துணி நீளாது. அதனால் நெய்த துணியில் சட்டை தைத்தால் தலை நுழைய முன்னால் திறப்பும், மூடப் பொத்தானும் வேண்டும். நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னினால் துணி இழுத்தால் நீளும், விட்டால் பழைய அளவுக்கு வரும். 1589இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் வில்லியம் லீ செய்த காலுறை பின்னும் சட்டகத்திலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. 1816இல் மார்க் புருனெல் வட்டமாகப் பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1840களின் கடைசியில் லெஸ்டர்காரர் மாத்யூ டவுன்சென்ட், வாயைத் தானே திறந்து மூடும் தாழ்ப்பாள் ஊசியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் எங்கள் நிட்டிங் மெஷின்களில் ஓடுவது அந்த ஊசியின் வாரிசுகள்தான்.

வட்ட எந்திரத்தின் விசேஷம், துணி குழாயாக இறங்கும். உடம்பும் ஏறக்குறைய ஒரு குழாய்தானே? எந்திரத்தின் விட்டத்தை ஆளின் மார்பளவுக்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டால், பக்கத் தையலே இல்லாமல் உடம்புப் பகுதி தயார். மேலே கழுத்து வெட்டி, இரண்டு கைகளை ஒட்டவைத்து, கீழே மடித்துத் தைத்தால் முடிந்தது வேலை. துணியின் ஓரம் பிரியாமல் பிடிக்க ஒரு தையல் வேண்டுமே, அதற்கும் ஆள் இருந்தார்கள்: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து மெரோ குடும்பத்தார் 1880களில் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். நம் ஓவர்லாக் மெஷினின் பாட்டன் அது. நீளும் துணி, குழாய் உடம்பு, ஓவர்லாக். இந்த மூன்றும் சேர்ந்த பிறகு எவரோ ஒருவர் டி-ஷர்ட் தைத்தே தீர்வார் என்ற நிலைமை வந்துவிட்டது.

ஆனாலும் அவசரப்பட்டு யாரும் தைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்க ஆண்கள் குளிருக்குப் போட்டது கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக வரும் ‘யூனியன் சூட்’. 1868இல் நியூயார்க் மாநிலத்தின் யூடிகாவில் காப்புரிமை பெற்றது. வேடிக்கை என்னவென்றால் அது முதலில் பெண்களுக்காக வந்தது, கார்செட் இறுக்கத்திலிருந்து விடுதலை என்ற சீர்திருத்தத்தோடு. ஆண்களும் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் வரிசையாகப் பொத்தான், பின்னால் அவசரத்துக்குத் திறக்க ஒரு மடிப்பு. ஜெர்மனியில் குஸ்டாவ் யேகர் என்ற பேராசிரியர் அதே சமயத்தில், உடம்பை ஒட்டிக் கம்பளிதான் இருக்க வேண்டும், பருத்தி கெடுதல் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். 1884இல் லண்டனில் அவர் பெயரிலேயே கடையும் வந்தது. கம்பளிப் பித்து கொஞ்ச காலம் ஓடியது. ஆனால் கொதிகலன் பக்கத்தில் வேலை செய்கிறவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் கம்பளி உள்ளாடையோடு எவ்வளவு நேரம் இருப்பான்? யூனியன் சூட்டை இடுப்பில் இரண்டாக வெட்டி மேல் துண்டை மட்டும் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்த மேல் துண்டுதான் தனி உடையாகி, கையும் பொத்தானும் குறைந்து வந்தது.

பொத்தான் போன கதைக்கு ஒரு நல்ல விளம்பரச் சாட்சி இருக்கிறது. 1904இல் கூப்பர் என்ற அமெரிக்க உள்ளாடைக் கம்பெனி (இன்றைய ஜாக்கிதான்) ‘பிரம்மச்சாரி உள்சட்டை’ என்று விளம்பரம் போட்டது. ஒரு படத்தில் பொத்தான் தெறித்த சட்டையோடு கூச்சப்பட்டு நிற்கும் ஆள், இன்னொன்றில் பொத்தானே இல்லாத சட்டையில் மிடுக்காக ஒருவர். ஊக்கும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம், ஊசி நூலும் வேண்டாம் என்பதுதான் செய்தி. கல்யாணமாகாதவனுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடற்படைக்கும் அதே பிரச்சினைதான். ஆயிரக்கணக்கில் கல்யாணமாகாத இளைஞர்கள், கையில் ஊசி நூல் கிடையாது. விலை குறைவு, துவைத்தால் சீக்கிரம் காயும், எவனுக்கும் ஏறக்குறையப் பொருந்தும் என்று பார்த்தால் இதைவிட நல்ல ராணுவ உடுப்பு கிடைக்காது.

கடற்படைக்கும் பின்னலாடைக்கும் பழைய உறவும் உண்டு. 1858 மார்ச் 27 அன்று பிரெஞ்சுக் கடற்படை தன் மாலுமிகளின் கோடு போட்ட பின்னல் சட்டைக்கு அளவே எழுதி ஆணை போட்டது. வெள்ளைக் கோடு 20 மில்லிமீட்டர், நீலக் கோடு 10 மில்லிமீட்டர், வெள்ளை மொத்தம் 21. இன்றைக்கு எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் டெக் பேக் என்ற அளவுத் தாளைவிடத் தெளிவாக இருக்கிறது.

இணையத்தில் சுற்றும் மற்ற கதைகளை ஒரே மூச்சில் தள்ளிவிடலாம். விக்டோரியா ராணி கப்பலுக்கு வந்தபோது மாலுமிகளின் அக்குள் தெரியக்கூடாது என்று கை வைத்துத் தைத்தார்கள் என்பது, தேயிலை மூட்டை இறக்கியவர்கள் போட்டதால் ‘டீ’ ஷர்ட் என்பது, ராணுவப் பயிற்சியைக் குறிக்கும் ‘டிரெய்னிங்’ என்ற சொல்லின் முதல் எழுத்து என்பது, எல்லாம் ஆதாரமில்லாத பேச்சு. கையை விரித்துத் தரையில் போட்டால் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும். பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். அச்சில் இந்தச் சொல் முதலில் தென்படுவது ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 1920 நாவலில், ஒரு பையன் விடுதிப் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு போகும் துணிமணிப் பட்டியலில். ஸ்வெட்டர், ஜெர்சி வரிசையில் சாதாரணமாக வருகிறது. அதாவது வாசகருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அப்போதே பழகிப்போயிருந்தது.

1930களில் அது விளையாட்டு மைதானம் வழியாகக் கல்லூரிக்குள் நுழைந்தது. 1932இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர் ஹோவர்ட் ஜோன்ஸ், தோளில் கட்டும் பேட் தோலை உராய்கிறது, அதற்கு அடியில் போட வியர்வை உறிஞ்சும் ஏதாவது வேண்டும் என்று ஜாக்கி கம்பெனியிடம் கேட்டு வாங்கினார் என்று சொல்லப்படுகிறது. மாணவர்கள் அவற்றைத் திருட ஆரம்பித்ததால், இது பல்கலைக்கழகத்தின் சொத்து என்று அச்சடித்தார்களாம். அச்சடித்ததும் திருட்டு அதிகமாகிவிட்டது. எழுத்து போட்ட சட்டைக்கு மவுசு என்ன என்பது அன்றே தெரிந்துவிட்டது. 1938இல் சியர்ஸ் கடை மாலுமிச் சட்டை என்ற பெயரில் ஒன்றை 24 சென்டுக்கு விற்றது. உள்ளேயும் போடலாம், வெளியேயும் போடலாம் என்றுதான் விற்றார்கள். வெளியே போடலாம் என்று கடைக்காரரே சொன்னது பெரிய விஷயம்.

இடையில் 1934இல் ஒரு படத்தில் கிளார்க் கேபிள் சட்டையைக் கழற்ற, உள்ளே ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்து அமெரிக்க ஆண்கள் உள்பனியன் போடுவதை நிறுத்தினார்கள், விற்பனை முக்கால்வாசி விழுந்தது என்று ஒரு கதை உண்டு. இன்றுவரை கணக்கைக் காட்டியவர் யாருமில்லை. நம் ஊரிலும் ஆர்டர் குறைந்தால் சினிமாவைத்தான் திட்டுவோம்.

உண்மையான திருப்பம் இரண்டாம் உலகப்போர். லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அரசாங்கம் டி-ஷர்ட் கொடுத்தது. பசிபிக் தீவுகளின் வெயிலில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அதோடுதான் திரிந்தார்கள். வெள்ளை தூரத்திலேயே தெரியும், எதிரிக்கு வசதி என்பதால் ஆலிவ் பச்சையும் வந்தது. 1942 ஜூலை 13 தேதியிட்ட லைஃப் பத்திரிகையின் அட்டையில், விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் சின்னம் அச்சடித்த டி-ஷர்ட்டோடு ஒரு வீரர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். உள்ளாடையோடு ஓர் ஆள் தேசியப் பத்திரிகை அட்டையில், அதுவும் நாயகனாக! போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் தோட்டத்தில் புல் வெட்டும்போதும் காரைக் கழுவும்போதும் அதையே போட்டுக்கொண்டார்கள். போரில் ஜெயித்து வந்தவனைப் பார்த்து ‘மேலே சட்டை போடு’ என்று எந்த அண்டைவீட்டுக்காரர் சொல்வார்?

அப்படியும் அது வீட்டுக்கும் வேலைக்குமான உடைதான். அதற்குக் கவர்ச்சியைக் கொடுத்தவர் பெயரை நிறையப் பேர் சொல்வதில்லை. மார்லன் பிராண்டோ என்று எல்லோருக்கும் தெரியும். லூசிண்டா பல்லார்ட் என்றால் தெரியாது. பிராண்டோ நடித்த ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ நாடகம் 1947 டிசம்பரில் பிராட்வேயில் ஏறியபோதும் 1951இல் படமானபோதும் உடை வடிவமைத்தவர் அவர். நியூயார்க் தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளிகளைப் பார்த்தாராம். அழுக்கிலும் வியர்வையிலும் துணி உடம்போடு ஒட்டி, ஆட்கள் சிலை மாதிரி இருந்தார்கள். அதே தோற்றம் வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அன்று கடையில் விற்ற டி-ஷர்ட் எல்லாம் தொளதொளவென்று, மூட்டை கட்டுகிற மாதிரி. உடம்பை ஒட்டிய டி-ஷர்ட் என்ற சரக்கே சந்தையில் கிடையாது. அதனால் சாதாரணமானதை வாங்கித் திரும்பத் திரும்பத் துவைத்துச் சுருங்கவைத்து, முதுகிலும் தோளிலும் பிடித்துத் தைத்தார்.

துணிக்காரனாக எனக்கு இதில் ஒரு சிரிப்பு. பருத்திப் பின்னல் துவைத்தால் சுருங்கும் என்பது எங்கள் தொழிலின் தலைவலி. அதைத் தடுக்கத்தான் துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் காம்பேக்டிங் செய்கிறோம், ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் பையர் சரக்கைத் திருப்பி அனுப்புவார். அந்தக் குறையையே வைத்து ஓர் அம்மாள் ஆண்களின் உடை வரலாற்றை மாற்றிவிட்டார். 1955இல் நடிகர் ஜேம்ஸ் டீன் ஒரு படத்தில் சிவப்பு ஜாக்கெட்டுக்குள் வெள்ளை டி-ஷர்ட் போட்டு வந்ததும் இளைஞர்களுக்கு அது சீருடையாகிவிட்டது. ஒன்று கவனியுங்கள், இரண்டு படத்திலும் அதைப் போட்டவன் ஊர் மெச்சும் நல்ல பிள்ளை இல்லை. அப்பாவின் கோட்டையும் டையையும் வேண்டாம் என்று சொல்ல ஒரு பையனுக்கு அதைவிட மலிவான வழி கிடையாது.

அடுத்த கட்டம் அச்சு. இதில் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் டி-ஷர்ட்டை மற்ற எல்லா உடையிலிருந்தும் பிரித்துவிட்டது இதுதான். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலிலேயே தாமஸ் டியூயிக்காகப் பெயரில் சிலேடை வைத்துச் சட்டை அச்சடித்தார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. சட்டை பிழைத்துவிட்டது, ஆள் ட்ரூமனிடம் தோற்றுவிட்டார். ஆனால் அன்றைய மைகளில் தொல்லை அதிகம். ஸ்கிரீன் என்பது மையைத் துணிமேல் இறக்கும் வலைச் சட்டம். தண்ணீர் மை அந்த ஸ்கிரீனிலேயே காய்ந்து வலைக் கண்ணை அடைத்துவிடும். 1950களின் கடைசியில் பிளாஸ்டிசால் மை வந்தது. அது திறந்து வைத்தாலும் காயாது, சுமார் 160 டிகிரி சூடு காட்டினால்தான் இறுகும். நாள் முழுக்க ஒரே ஸ்கிரீனில் அடித்துக்கொண்டே இருக்கலாம். 1960 வாக்கில் மைக்கேல் வாசிலன்டோன் என்ற அமெரிக்கர் ராட்டினம் மாதிரிச் சுற்றும் பல வண்ண அச்சு எந்திரத்தை உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றார். ஒரு கையில் சட்டையை மாட்டினால் சுற்றிச் சுற்றி வண்ணம் ஏறி வந்துவிடும்.

அச்சுப் பட்டறையில் நின்றிருந்தால் ஒரு கணக்கு புரியும். வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன். வண்ணம் கூடக்கூடச் செலவும் சேதமும் கூடும். உலகப் புகழ் பெற்ற டி-ஷர்ட் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சே குவேராவின் முகம்: 1960 மார்ச் 5 அன்று ஹவானாவில் அல்பெர்டோ கோர்டா எடுத்த புகைப்படம். 1968இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் அதை வெறும் கறுப்பு நிழலாக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். நிழலுக்கு ஒரே ஸ்கிரீன் போதும். வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் டாக்சியில் போகும்போது கிறுக்கிய நியூயார்க் இதயச் சின்னம்: கறுப்பு எழுத்து, சிவப்பு இதயம், இரண்டே ஸ்கிரீன். 1977இல் பிரசாரத்துக்கு வந்தது, அவர் கூலியும் வாங்கவில்லை. ஆடை வடிவமைப்பாளர் கேதரின் ஹாம்னெட் 1984இல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் விருந்துக்குப் போனபோது போட்டிருந்தது, அமெரிக்காவின் பெர்ஷிங் அணு ஏவுகணையை 58 சதவீதம் பேர் விரும்பவில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதிய சட்டை. ஒரே ஸ்கிரீன். பட்டறையின் கஞ்சத்தனத்துக்குப் பொருந்தியவைதான் உலகம் சுற்றின என்பது என் கட்சி. வடிவமைப்புப் படித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

1970களிலிருந்து இசைக்குழு ரசிகன், கட்சிக்காரன், கம்பெனி ஊழியன், சுற்றுலாப் பயணி என்று எல்லோரும் நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அச்சு இல்லாத டி-ஷர்ட் பெரிய மனிதர் வீட்டுக்குள் நுழைந்தது வேறு வழியாக. 1984இல் தொடங்கிய ‘மியாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரில் டான் ஜான்சன் இத்தாலியக் கோட்டுக்கு உள்ளே சட்டைக்குப் பதில் டி-ஷர்ட் போட்டு வந்தார். யோசித்துப் பார்த்தால் அது பழைய இடம்தான், கோட்டுக்கு அடியில். நடுவில் இருந்த சட்டை மட்டும் காணாமல் போய்விட்டது. 1990களில் அமெரிக்க அலுவலகங்களில் வெள்ளிக்கிழமைத் தளர்வு வந்தது, பிறகு கலிபோர்னியாவின் கணினிக் கம்பெனிகள் எல்லா நாளையும் வெள்ளிக்கிழமை ஆக்கின. 2014இல் மார்க் சக்கர்பெர்க்கிடம் தினமும் ஏன் அதே சாம்பல் டி-ஷர்ட் என்று கேட்டபோது, என்ன போடுவது என்று யோசிக்கிற வேலையைக் குறைக்கத்தான் என்றார். நாற்பது வருஷம் முன்னால் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு வங்கிக்குக் கடன் கேட்கப் போயிருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். 2016 கோடைக்கு வெட்மோ என்ற பாரிஸ் நிறுவனம் ஒரு கூரியர் கம்பெனியின் மஞ்சள் டி-ஷர்ட்டை அப்படியே போட்டு 185 பவுண்டுக்கு விற்றது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, துணியின் விலை எனக்குத் தெரியும் என்பதைத் தவிர.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன், காரணமாகத்தான். ஒரு மாலுமியின் உள்ளாடை உலகத்துக்கே பொது உடையாக வேண்டுமென்றால் அதை யாரோ கோடிக்கணக்கில் மலிவாகத் தைக்க வேண்டும். திருப்பூரில் 1920களிலேயே பனியன் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் மில்கள் பக்கத்தில் இருந்ததால் நூலுக்குக் குறைவில்லை. பல பத்தாண்டுகள் உள்நாட்டு உள்பனியன்தான். அட்டைப் பெட்டியில் ஆர்.என். என்று இருந்தால் கை இல்லாத வட்டக் கழுத்து, ஆர்.என்.எஸ். என்று இருந்தால் கை வைத்தது. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி, மும்பை ஏற்றுமதிக்காரர்கள் மூலமாக, வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். 1981இல் ஐரோப்பாவின் பெரிய துணிக்கடை நிறுவனமான சி அண்ட் ஏ வந்தது. எங்கள் ஆட்களுக்கு அது புது உடுப்பே இல்லை. ஆர்.என்.எஸ். பனியனைக் கொஞ்சம் கனமான துணியில், கழுத்துப் பட்டையை அகலமாக வைத்துத் தைத்தால் அவர்கள் கேட்டது வந்துவிட்டது. அமெரிக்காவில் முப்பது, நாற்பது வருஷம் ஆன உள்ளாடை–மேலாடை மாற்றம் இங்கே ஒரு சாம்பிளில் முடிந்தது.

வெள்ளையோடு நின்றிருந்தால் எங்கள் நொய்யல் ஆற்றுக்கு நல்லது. பையர்கள் வண்ணம் கேட்டார்கள், சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின, கழிவு ஆற்றுக்குப் போனது. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும் நிலைமை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பூஜ்யக் கழிவு முறைக்கு மாறியவை மறுபடி ஓடின, பல திறக்கவே இல்லை. அந்த வருஷம் நூல் விலையும் ஏறியிருந்தது. எங்கள் லைனில் பவர் டேபிள்கள், அதாவது தையல் மெஷின் மேஜைகள், தூசி தட்டாமல் கிடந்ததை நான் மறக்கவில்லை. ஐந்து யூரோவுக்கு ஒரு நீல டி-ஷர்ட் கிடைத்ததில் இந்த ஆற்றுக்கும் பங்கு உண்டு.

வடிவம் மாறியதையும் நாங்கள் ஆர்டர் தாளிலேயே பார்த்துவிடுவோம். 1950களில் கழுத்து ஏறி, நீளம் குறைவு. 1970களில் பாலியஸ்டர் கலந்த மெல்லிய, இறுக்கமான துணி. 1990களில் இரண்டு ஆள் புகும் அளவு. 2010 பக்கத்தில் எல்லோருக்கும் ஸ்லிம் வேண்டும், மெல்லிய 30ஆம் நம்பர் நூல், 140, 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). இப்போது தோள் இறங்கிய ஓவர்சைஸ், 240 ஜிஎஸ்எம், மே மாதத்தில் போட்டால் ஈரோட்டுக்காரனுக்கு மயக்கம் வரும். பையனிடம் சொன்னால் கேட்கமாட்டான்.

குழாய் உடம்பும் பெரும்பாலும் போய்விட்டது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு விட்டத்தில் தனி மெஷின் வைப்பதைவிட, அகலமாகப் பின்னி, விரித்து, அடுக்கி வெட்டிப் பக்கத் தையல் போடுவது எளிது, இடுப்பும் பொருத்தமாக வரும். என்ன, நூலின் முறுக்கால் துணி திரும்பும்போது துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். குழாயிலும் துணி திரும்பும், காட்டிக்கொடுக்கத் தையல் இல்லை, அவ்வளவுதான். ஜப்பானின் வாகயாமா போன்ற சில இடங்களில்தான் இன்னும் பழைய தொங்கு எந்திரங்களை ஓட்டுகிறார்கள். மணிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான் இறங்கும். நூலை இழுக்காமல் பின்னுவதால் துணி பஞ்சு மாதிரி இருக்கும், வருஷக்கணக்கில் உழைக்கும். ஒருமுறை கையில் பிடித்துப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

மூன்றாவது கேள்வி பாக்கி. பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் கட்டிங் டேபிளில் என்ன வித்தியாசம் என்றால்: பனியனுக்கு நூல் மெலிது, துணி 120 ஜிஎஸ்எம் பக்கம், கழுத்துப் பட்டை ஒடுக்கம், மேல்சட்டைக்கு வெளியே எட்டிப் பார்க்காதபடி கழுத்து கொஞ்சம் இறக்கம். டி-ஷர்ட்டுக்குத் துணி கனம், கழுத்து ஏற்றம், பட்டை அகலம், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை உள்ளே டேப் அடித்திருப்பார்கள், கழுத்து தொங்காமல் இருக்க. கடையில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், டேப் இல்லையென்றால் மூன்று துவையலில் கழுத்து வாய் பிளக்கும்.

இந்த வித்தியாசம்கூட எல்லா இடத்திலும் நிற்காது. எங்கள் அப்பா ஆர்.என்.எஸ். பனியனும் நாலு முழ வேட்டியுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், யாராவது பெரியவர் வந்தால் மட்டும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் நெஞ்சில் பை வைத்த பனியன் போடுவார்கள், பீடிக்கும் சில்லறைக்கும். வெள்ளையில் வாங்கினால் அழுக்கு தெரியும் என்று நீலத்திலும் பச்சையிலும் வாங்குவார்கள். போன மாதம் ஓர் ஐரோப்பிய பையர் புது சீசனுக்கு அனுப்பிய படத்தில், பை வைத்த, பெட்டி மாதிரித் தொளதொளவென்று, மங்கிய பச்சையில் ஒரு டி-ஷர்ட். சாம்பிள் தைத்து முடித்ததும் எங்கள் கட்டிங் மாஸ்டர் அதைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். “ஏனுங்க, இது எங்க சித்தப்பன் போடறதுங்களே” என்றார்.